மூன்று பேப்பரில் வந்த ஆட்டம்

வேங்கிக்கால் மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் நின்றிருந்த பெண் தன் பெயரைச் சொன்னதும், அறிவுச்செல்வன் எடுத்த கற்கண்டு அவர் விரல்களுக்கிடையிலேயே நின்றுவிட்டது.

"மணிமொழி சார். அடி அண்ணாமலை. கபடி ஆடிட்டு இருந்தேன்."

அந்தப் பெயரை அவர் ஒன்பது ஆண்டுகளாக அறிவார். முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். நெடுநெடுவென்ற உருவம்; இடது புருவத்தில் பழைய தையல் தழும்பு; கழுத்தில் ஏதோ ஒரு ஸ்கேன் சென்டரின் அடையாள அட்டை. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கலாம். முதன்முதலாகப் பார்க்கிறோம் என்பது வெளியே தெரியாதிருக்க அவர் பழகியவரைப் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே கூசியது.

"ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்காதாம்மா? இப்ப இன்னா பண்றே?"

"ஸ்கேன் சென்டர்ல டோக்கன் கூப்புடுறேன் சார். பங்ஷன் முடிஞ்சதும் உங்களாண்ட ஒன்னு கேக்கணும். ஒரே ஒரு கேள்வி. அதுக்குத்தான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன்."

இப்போதே கேள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பேசிட்டு வந்துடுறேம்மா" என்று உள்ளே நடந்தார். முதுகில் அவள் பார்வை ஒட்டிக்கொண்டு வந்தது. கேள்வி என்னவென்று தமக்குத் தெரியும் என்றே அவர் நினைத்தார்: ஏன் சார் அப்படி எழுதினீங்க? இந்தக் கேள்விக்கு அவர் ஒன்பது ஆண்டுகளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிட மோசமாக இருந்தது.

தீபமலைக் கபடி மன்றத்தின் வெள்ளி விழா அது. மேடையில் கட்டியிருந்த பதாகையில் 'கண்ணாரக் கண்ட களங்கள்: மறக்க முடியாத ஆட்டம் பற்றி மூத்த செய்தியாளர்கள் மூவர்' என்று போட்டு, மூன்று படங்களை அச்சடித்திருந்தார்கள். நடுவில் இருந்த படம் அறிவுச்செல்வனுடையது. வலப்பக்கம் சோமநாதன், கோயில் அர்ச்சகர் குடும்பத்தில் பிறந்து, பூசை மணியை அண்ணனிடம் விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தவர், அறுபதைத் தாண்டியவர். இடப்பக்கம் எழில், மூவரில் இளையவர், அதாவது நாற்பத்துமூன்று வயதுக்காரர்.

மூவரும் மூன்று நாளிதழ்களுக்கு வேலை செய்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று முந்துவதாக விளம்பரம் செய்துகொள்ளும் நாளிதழ்கள். ஆனால் திருவண்ணாமலையில் விளையாட்டுச் செய்தியைப் பொறுத்தவரை மூன்றுக்கும் இரண்டே கண்கள்தாம் இருந்தன. அன்றைக்கு யாருடைய முறையோ அவருடைய கண்கள். மூவருக்குள்ளும் முறை உண்டு. ஒரு போட்டிக்கு ஒருவர் போவார். அவர் எழுதும் செய்தியை, அவர்கள் பாஷையில் 'மேட்டரை', மூன்று அலுவலகங்களுக்கும் அவரே அனுப்புவார். அதற்காக மூவருடைய மின்னஞ்சல் கடவுச்சொற்களும் மூவரிடமும் இருந்தன. மற்ற இருவரும் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டப் போவார்கள், பல் பிடுங்கிக்கொள்ளப் போவார்கள், தூங்குவார்கள். "ஒருத்தன் போனா மூணு பேர் போன மாதிரி" என்பார் சோமநாதன். இருபது ஆண்டுகளாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை என்று சோமநாதனும் எழிலும் நம்பினார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய சித்ரா பௌர்ணமி அறிவுச்செல்வனின் முறை.

அடி அண்ணாமலை இளைஞர்கள் திருவிழாவை ஒட்டிப் பெண்கள் கபடிப் போட்டி நடத்தினார்கள். இறுதி ஆட்டம் மாலை நாலு மணிக்கு. மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வருவதாகவும் பேச்சு இருந்தது. கிரிவலப் பாதையில் அமைந்த ஊருக்குப் பௌர்ணமியன்று எந்த வண்டியும் போகாது என்பதை, திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தும் அறிவுச்செல்வன் எப்படியோ மறந்துபோனார். செங்கம் சாலையில் பாதை பிரியும் இடத்தில் போலீஸ்காரர் அவருடைய மொபெட்டை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். அங்கிருந்து நாலு கிலோமீட்டர். பதினாலு கிலோமீட்டர் நடப்பதற்கென்றே லட்சக்கணக்கானோர், கைக்குழந்தையைத் தோளில் போட்டவர்களும் ஊன்றுகோல் வைத்தவர்களும் உட்பட, வெறுங்காலோடு வந்திருந்த அந்த நாளில், செருப்புப் போட்டிருந்த அவருக்கு நாலு கிலோமீட்டர் நடக்க மனம் வரவில்லை. சித்திரை வெயில். இடது முழங்காலில் லேசான வலி. ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கலாம் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆறு மணிக்கு, போட்டியில் புள்ளி எழுதும் வேடியப்பனுக்குப் போன் போட்டார். எதிரணிக்கு முப்பத்தொன்று, அடி அண்ணாமலைக்கு முப்பது என்றான் அவன். கடைசிப் பாட்டுக்கு, மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்கு, மணிமொழி போனாள், இரண்டு பேரைத் தொட்டாள், திரும்பியிருந்தால் கோப்பை.

"அப்பறம்?"

"கோட்டாண்ட வந்து நின்னுட்டுதுங்க அந்தப் பொண்ணு. பாட்டு வுட்டுடுச்சு. அவுட்டு."

"ஏன் நின்னுச்சு?"

"தெர்லீங்களே. இங்க ஒரே கூச்சல். கப்பு குடுக்கறாங்க, வெக்கிறேன் சார்."

வேடியப்பன் தந்தது இவ்வளவே. ஆனால் ஒரு இறுதி ஆட்டத்தைத் 'தெரியவில்லை' என்று முடிக்க முடியாது. எழுதுகிறவனுக்கு முடிவு வேண்டும். அதுவும், போகாத இடத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு, போயிருந்தான் என்று காட்டும் முடிவு வேண்டும். டீக்கடை பெஞ்சில் அவர் இப்படி எழுதினார்: 'எவரும் துரத்தாத நிலையில், நடுக்கோட்டுக்கு ஓரடி முன்பாக மணிமொழி தாமாகவே நின்றது ஏன் என்று ரசிகர்கள் ஒருவரையொருவர் வியப்போடு கேட்டுக்கொண்டனர்.' எழுதி முடித்ததும் ஒரு நிறைவு வந்தது. அது நல்ல வாக்கியம்தான். அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே அதுதான் அதிகம் படிக்கப்பட்ட வாக்கியம்.

மறுநாள் மூன்று பேப்பரிலும் வந்தது. மூன்றாம் நாள், போட்டி நடத்திய குழுவும் மாவட்டக் கபடிக் கழகமும் அவளை விசாரணைக்கு அழைத்தன. எதிரணிக்கு விட்டுக்கொடுத்தாள் என்று இரண்டு ஆண்டுத் தடை. முகாமுக்குப் போகவிருந்த பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. செய்தியாளர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதியிருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு மாதம் கழித்து, மனம் கேளாமல், அறிவுச்செல்வன் வேடியப்பனைத் தேடிப் போய்க் கேட்டார். "நான் எங்கங்க பாத்தேன்? ரெண்டு பாயிண்ட குனிஞ்சு எழுதினு இருந்தேன். நிமுந்தா அந்தப் பொண்ணு நிக்குது, விசிலு ஊதிட்டாங்க" என்றான் வேடியப்பன். பிறகு அவன் ஓசூருக்குப் போய்விட்டான். அறிவுச்செல்வன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முறை வெளியே வரும். முறை வெளியே வந்தால் மூன்று பேருடைய வேலையும் போகும். தம் கோழைத்தனத்துக்கு நட்பு என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயரும் நெடுநாள் தாங்கவில்லை.

மேடையில் முதலில் சோமநாதனை அழைத்தார்கள். அறிவுச்செல்வன் தமக்கென ஒரு ஆட்டம் வைத்திருந்தார்: கொட்டும் மழையில் பள்ளி மைதானமொன்றில் நடந்த வாலிபால் போட்டி. வலை சரிந்தும் பையன்கள் ஆடியது. அவர் உண்மையாகவே நனைந்துகொண்டே பார்த்த ஆட்டம். அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று இருந்தார்.

"நாப்பது வருஷத்துல நான் பாக்காத ஆட்டம் இல்லை" என்று தொடங்கினார் சோமநாதன். "ஆனா ராத்திரி கண்ணை மூடினா வரது ஒண்ணே ஒண்ணுதான். அடி அண்ணாமலை, சித்ரா பௌர்ணமி."

அறிவுச்செல்வனின் கை நாற்காலிக் கையைப் பற்றியது. அன்று சோமநாதன் அங்கே இல்லை. சித்ரா பௌர்ணமியன்று அவர் குடும்பத்தில் ஒருவர்கூடக் கோயிலைவிட்டு அசைய முடியாது. அண்ணனுக்கு ஒத்தாசையாகக் காலையிலிருந்தே உள்ளே நின்றவர், மறுநாள் பேப்பரில்தான் ஆட்டத்தைப் படித்தார். 'நல்லா முடிச்சிருக்கேடா' என்று போனில் பாராட்டியதும் அவர்தான்.

"முப்பத்தொண்ணு, முப்பது. கடைசிப் பாட்டு. அந்தப் பொண்ணு போறா பாருங்கோ, பாம்பு மாதிரி போறா. ஒருத்தியைக் கையால தொட்டா, ஒருத்தியைக் காலால. திரும்பறா. பின்னாடி ஈ காக்கா இல்லை. நடுக்கோடு ஒரே அடி. நின்னா!" சோமநாதன் மேடையில் தாமே ஒரு அடி வைத்து நின்று காட்டினார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. "நின்னுட்டு லேசா சிரிச்சா. அந்தச் சிரிப்பை இந்தக் கண்ணால பாத்தேன். என் பக்கத்துல இருந்த பெரியவர், ஏன்யா நின்னான்னு என்னைக் கேக்கறார். நான் அவரைக் கேக்கறேன்."

அறிவுச்செல்வனின் வாக்கியம் ஒன்பது ஆண்டுகளில் வளர்ந்து, ஆளாகி, பக்கத்தில் ஒரு பெரியவரையும் உட்கார வைத்துக்கொண்டிருந்தது. அவர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். மணிமொழி முன்னால் சாய்ந்து, வாய் சற்றே திறந்திருக்க, ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பரீட்சை முடிவு வாசிக்கப்படும்போது தன் எண்ணுக்காகக் காத்திருப்பவள் முகம் அது.

அடுத்து எழில், சோமநாதன் பக்கம் கையைக் காட்டியபடி. "சாமி சொன்ன ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அவரு ஒன்ன வுட்டுட்டாரு. சிரிச்சுதா? சிரிச்சுட்டு எதிர் டீம் கோச்சு பக்கம் திரும்பி ஒரு பார்வ பாத்துச்சு. அவ்ளோதான். நான் அப்பவே நெனச்சேன், கத முடிஞ்சுதுன்னு." கூட்டம் சிரித்தது. எழில் அன்று மைத்துனனுக்குப் பெண் பார்க்க வந்தவாசிக்குப் போயிருந்தான்.

இவர்கள் பொய் சொல்லவில்லை. அறிவுச்செல்வனைக் கலங்கடித்தது அதுதான். பொய் சொல்கிறவன் கண்ணில் ஒரு சிறு விழிப்பு இருக்கும். அது இருவரிடமும் இல்லை. படித்ததைப் பலமுறை சொல்லி, சொன்னதைப் பலமுறை கேட்டு, கேட்டதைக் கண்டதாகவே அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கண்ட ஆட்டங்கள் ஆயிரம் அவர்களை விட்டுப் போயிருந்தன. காணாத ஒன்று தங்கிவிட்டது.

ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தார்கள். வாலிபால் தொண்டைக்கு வரவில்லை.

"அந்த ஆட்டத்த எழுதினவன் நான்" என்றார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை நின்றார். "அன்னிக்கு நான் அங்க போகல. செங்கம் ரோட்டுல ஒரு டீக்கடையில உக்காந்து எழுதினேன். சாமி போகல. எழில் போகல. நாங்க மூணு பேரும் அந்த ஆட்டத்தப் பாக்கல. அந்தப் பொண்ணு ஏன் நின்னுச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாது."

சோமநாதன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தேளா! இதான் அறிவு. நம்ம ரெண்டு பேரையும் மேடையிலயே காலை வாரறான்!" அந்தச் சிரிப்பு முன்வரிசைக்குத் தாவி, அங்கிருந்து பின்வரிசைக்குப் போனது. தொகுப்பாளர் ஒலிபெருக்கியை அவர் விரல்களிலிருந்து மென்மையாகக் கழற்றி எடுத்தார். "நேரில் போகாதவரே இவ்வளவு தத்ரூபமாக எழுத முடிந்ததென்றால், போயிருந்தால் எப்படி எழுதியிருப்பார்! ஐயாவின் தன்னடக்கத்துக்கும் நகைச்சுவைக்கும் ஒரு பலத்த கரவொலி!"

"தமாசு இல்லீங்க..." என்று அவர் சொல்வதற்குள் பொன்னாடை தோளில் விழுந்தது. போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார். பழக்கம் அப்படி.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் சோமநாதன் அவர் முழங்கையைப் பிடித்தார். சிரிப்பு இப்போது இல்லை.

"என்னடா பேச்சு அது? சுகர் ஜாஸ்தியாயிடுத்தா? இல்லை எங்க வாயில மண்ணைப் போடணும்னு பாக்கறியா?"

"சாமி, அன்னிக்கு நீங்க கோயில்ல இருந்தீங்க."

"காலையில இருந்தேன். மத்தியானம் போனேன்."

"எப்படிப் போனீங்க? வண்டி வுடல."

"நடந்துதான் போனேன்! காலு கொப்புளிச்சுது. உன்னைக்கூட அங்க பாத்தேனே, ஊதாச் சட்டை போட்டுண்டிருந்தே."

அவருடைய கண்ணில் நீர் திரையிட்டிருந்தது. அவமானப்பட்ட நேர்மையாளனின் கண்ணீர். அறிவுச்செல்வன் தம் முழங்கையை விடுவித்துக்கொண்டார். அன்று அவர் போட்டிருந்தது ஊதாச் சட்டைதான். ஆனால் ஆட்டத்துக்கு முதல் நாள் மூவரும் எடுத்துக்கொண்ட படத்திலும் அதே சட்டைதான்; சோமநாதன் பார்த்தது அந்தப் படத்தில்.

மணிமொழி மண்டபத்துக்குப் பின்னால், மொபெட்டுகள் நிறுத்தியிருந்த வேப்பமர நிழலில் காத்திருந்தாள். சாப்பிடவில்லை போலிருந்தது.

"என்ன மன்னிச்சுடும்மா" என்றார் அவர், அவள் வாய் திறக்குமுன்.

"எதுக்கு சார்?"

"எழுதினதுக்கு."

அவள் கையை அசைத்து அதை ஒதுக்கினாள், முக்கியமில்லாத டோக்கனைத் தள்ளி வைப்பதைப் போல. "அத வுடுங்க சார். நான் அதுக்கு வர்ல. மேடையில போகலன்னு சொன்னீங்களே, அது தமாசுதானே?"

"இல்லம்மா. நெசம்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது.

"நான் கேக்க வந்தது வேற சார்" என்றாள் மெதுவாக. "நான் ஏன் நின்னேன்? அதத்தான் கேக்கலாம்னு வந்தேன்."

அறிவுச்செல்வனுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துது சார். மூச்சு போச்சுன்னு வீட்ல போய் சொன்னேன். அப்பறம் பேப்பரு வந்துச்சு. விசாரணைல மூணு பேப்பரயும் மேச மேல விரிச்சு வெச்சாங்க. மூணு பேரு பொய் சொல்லுவாங்களாம்மான்னு கேட்டாங்க. இல்ல, மூச்சு போச்சுன்னேன். எங்க அப்பா ராத்திரி கேட்டாரு, நெசமாவே மூச்சுதானாம்மான்னு. ஆமான்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ரோட்டுல ஜனங்க அரோகரான்னு கத்துச்சுங்களே, அத விசிலுன்னு நெனச்சுட்டேனோ? சுண்ணாம்புக் கோடு அழிஞ்சிருந்துதே, தாண்டிட்டேன்னு நெனச்சுட்டேனோ? இல்ல, நெசமாவே..." அவள் நிறுத்தினாள். "யாரும் என்னாண்ட ஒன்னும் பேசல சார், விட்டுக்குடுன்னு யாரும் சொல்லல. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நின்னேனே."

"வீடியோ ஏதாச்சும்..."

"எங்க டீம் சினேகாவோட அண்ணன் எடுத்தாரு. மொத பாதியோட மெமரி புல் ஆயிடுச்சு."

ஆட்கள் வண்டி எடுக்க வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அவள் மரத்தோடு ஒட்டி நின்றாள்.

"இப்பல்லாம் அந்த ஆட்டம் ஞாபகம் வந்தா, நான் உள்ள இல்ல சார். வெளிய நிக்கிறேன். கூட்டத்தோட நின்னு பாக்குறேன். கோட்டாண்ட ஒரு பொண்ணு நிக்கிது. அது ஏன் நிக்கிதுன்னு பக்கத்துல இருக்கறவங்களக் கேக்குறேன். நீங்க எழுதினது மாதிரியே வருது. அதான், உள்ள இருந்தவளுக்குத் தெரியலன்னாலும் வெளிய இருந்து பாத்தவரு உங்களுக்குத் தெரியும், கேட்டுடலாம்னு... இத்தன வருஷமா தைரியம் வர்ல. அப்போ யாருமே பாக்கலியா சார்?"

"வேடியப்பனும் பாக்கலம்மா. குனிஞ்சு எழுதினு இருந்தானாம்."

அவள் தலையை ஆட்டினாள். தரையைப் பார்த்தாள். அங்கே கோடு எதுவும் இல்லை.

"நீங்க வாயால சொல்றது எனக்கு ஏற மாட்டேங்குது சார். தப்பா நெனச்சுக்காதீங்க. பாக்கலன்னு பேப்பர்ல எழுதுங்க. அதுல வந்தா நான் நம்புவேன். யாரும் பாக்கலன்னு ஆயிட்டா, மூச்சு போச்சுன்னு நான் சொன்னது மட்டுந்தானே மிச்சம் இருக்கும்? அதப் புடிச்சுக்குவேன்."

"நாளைக்கே வரும்" என்றார் அறிவுச்செல்வன். செய்தியாளராக இருந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் யாருக்கும் அப்படிச் சத்தியம் செய்ததில்லை. அவளுடைய எண்ணை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். ஆறே வரிகள். எவ்வளவு முயன்றும் அவற்றில் ஒன்றுகூட நல்ல வாக்கியமாக வரவில்லை. 'நான் அந்த ஆட்டத்துக்குச் செல்லவில்லை. பார்த்ததாக எழுதியது தவறு. மணிமொழி ஏன் நின்றார் என்பது எனக்குத் தெரியாது.' இப்படியே போனது. அதன் தட்டைத்தன்மை அவருக்கு ஆறுதலாக இருந்தது. வேலை போகலாம். போகட்டும். அனுப்பினார். மணி நாலரை.

ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பக்கம் கட்டும் இளைஞன்.

"சார், உங்க மேட்டரு காலைல பதினொன்ற மணிக்கே வந்து பேஜ்ல வெச்சாச்சு. இது இன்னா சார் ரெண்டாவது?"

பதினொன்றரைக்குத் தாம் மேடையில் வாயைத் திறக்கவே இல்லை என்பது அறிவுச்செல்வனுக்கு நினைவு வந்தது. விழாச் செய்திக்கு இன்று எழிலின் முறை. அழைப்பிதழைப் பார்த்து, அறிவுச்செல்வன் அந்த ஆட்டத்தைத்தான் பேசுவார் என்று தானே முடிவுகட்டி எழுதி, மூன்று பேர் பெயரிலும் மூன்று இடத்துக்கும் அனுப்பிவிட்டுத்தான் அவன் மேடையேறியிருக்கிறான்.

"மொதல்ல வந்தத எடுத்துடு தம்பி. ரெண்டாவதுதான் சரி."

"அதயும் நீங்கதான அனுப்பிச்சீங்க? அதுல நேர்ல பாத்தத சொன்னீங்கன்னு இருக்குது, இதுல பாக்கலன்னு இருக்குது. மத்த ரெண்டு பேப்பர்ல எது வருது?"

"மொதல்ல வந்தது."

"அப்ப நம்மள்து மட்டுந்தான் சார் தப்பாத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முந்தின நியூசு வேற. ஆசிரியர் லீவுல இருக்காரு. வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"தம்பி, ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"புரியுது சார்" என்றான் அவன், புரியாத குரலில். எழிலைக் கூப்பிட்டார், அவன் எடுக்கவில்லை. சோமநாதன் எடுத்தார், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

காலையில் பேருந்து நிலையக் கடையில் மூன்று பேப்பரையும் வாங்கினார். கடைக்காரர் மூன்றையும் மடித்துத் தரும்போதே ஏழாம் பக்கப் படம் தெரிந்தது: பொன்னாடை, சிரிப்பு. அதன் கீழ், மூன்றிலும், எழுத்துக்கு எழுத்து அதே வரி: 'அடி அண்ணாமலை இறுதி ஆட்டத்தை நேரில் கண்ட அனுபவத்தை மூத்த செய்தியாளர் அறிவுச்செல்வன் சுவைபட விவரித்தார்.'

அவர் நின்ற இடத்திலேயே செல்போன் அதிர்ந்தது. மணிமொழியின் செய்தி. 'படிச்சேன் சார். அப்ப நேத்து சொன்னதுதான் தமாசா? நீங்க பாத்திருக்கீங்க. ப்ளீஸ் சார், நான் ஏன் நின்னேன்னு சொல்லுங்க.'

உடனே அழைத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னணியில் நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமும் சத்தம்.

"மணிமொழி, அது எழில் எழுதினது. நான் வேற அனுப்பினேன், அத அவங்க போடல. நான் பாக்கலம்மா. பேப்பர்ல வந்தது பொய்."

மறுமுனையில் வெறும் மூச்சு கேட்டது. சீராகத்தான் கேட்டது.

"மூணு பேப்பர்லயும் வந்திருக்குதே சார்" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் ஒரு பேருந்து புகையைத் துப்பிவிட்டுச் செங்கம் சாலைப் பக்கம் திரும்பியது.

"சொல்ல இஷ்டம் இல்லன்னா பரவால்ல சார். தப்பாத்தான் இருக்கும் போல, அதான் சொல்ல மாட்டேங்குறீங்க" என்றாள் அவள். அவர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் இருங்க சார்." போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பழகிய உரத்த குரலில், மூச்சு விடாமல் அவள் கூப்பிடத் தொடங்கினாள். "இருவத்தி மூணு, இருவத்தி நாலு, இருவத்தி அஞ்சு, யாரு, வாங்க."

அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அவள் திரும்பி வரவில்லை.